மார்க்கர் உண்டு

எங்கள் கிளப்புக்கு இந்த வருடம் புதிதாக இணையதளம் செய்தார்கள். அதில் ‘வரலாறும் வசதிகளும்’ என்று ஒரு பக்கம். அலுவலகத்தில் இருக்கும் பெண் தன் போனில் அதைத் திறந்து, “அண்ணா, உங்களையும் போட்டுக்கிறாங்க பாருங்க” என்று காட்டினாள். ஆசையாகத்தான் வாங்கிப் பார்த்தேன். வரலாற்றில் தேடினேன், இல்லை. வசதிகளில் இருந்தேன். ஒன்பது குழி கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், பில்லியர்ட்ஸ் அறை, ஜிம், ஏசி போட்ட சீட்டாட்ட அறை, இரண்டு மண் டென்னிஸ் கோர்ட், அதற்குப் பக்கத்திலேயே ‘காலை ஆறு முதல் ஒன்பது வரை மார்க்கர் உண்டு’. வெந்நீர் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு, மார்க்கர் உண்டு. அந்த மார்க்கர் நான்தான்.

வரலாற்றை எழுதியவர் யாரென்று தெரியவில்லை. ‘இயற்கை எழில் கொஞ்சும் சூழலில் சில தொழிலதிபர்களின் கனவாகப் பிறந்தது’ என்று எழுதியிருக்கிறார். எழிலும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உப்புப் பூத்த தரை, ஆள் உயரச் சீமைக்கருவேலம், ஐப்பசி வந்தால் முழங்கால் தண்ணீர். இரும்பாலைகளில் வேலை பார்க்க வந்த வெளியூர் அதிகாரிகளுக்குச் சாயங்காலமானால் பொழுது போகவில்லை. ஒரு தகரக் கொட்டகை போட்டு டேபிள் டென்னிஸ் மேஜை வாங்கிப் போட்டார்கள். அப்புறம் ஒரு மண் கோர்ட். அப்புறம் கோல்ஃப் பைத்தியம் பிடித்த மேனேஜர் ஒருவர் மாற்றலாகி வந்தார். முள்ளை வெட்டி முதலில் ஐந்து குழி தோண்டினார்கள். ஆலையில் மிஞ்சிய கசடை லாரி லாரியாகக் கொட்டி, மேலே செம்மண் பரப்பி, மேடு பள்ளம் உண்டாக்கினார்கள். இன்றைக்கும் நாலாவது குழிப் பக்கம் கடப்பாரை போட்டால் டங்கென்று இரும்புக் கசடு தட்டும். இணையதளப் படத்தில் பச்சைப் பசேலென்று தெரிகிற புல்லுக்கு விடியற்காலையில் குந்தி உட்கார்ந்து களை எடுப்பது பக்கத்து ஊர்ப் பெண்கள். அவர்கள் வரலாற்றிலும் இல்லை, வசதிகளிலும் இல்லை. அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவன்.

மார்க்கர் என்றால் என்னவென்று கிளப்புக்கு வெளியே பலருக்குத் தெரியாது. ஆடுவதற்குத் துணை இல்லாமல் வருகிற உறுப்பினருக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆடுகிறவன். கேட்க லேசாகத்தான் இருக்கும். அவரோடு ஆட வேண்டும், அவரை ஜெயிக்கக் கூடாது. வேண்டுமென்றே தோற்கவும் கூடாது. அது அவருக்குத் தெரிந்துவிட்டால் அவமானம் அவருக்கு, வேலை போவது நமக்கு. பந்து அவர் கைக்கு வாகான உயரத்தில், வாகான வேகத்தில், இரண்டடி நகர்ந்தால் எட்டுகிற இடத்தில் போய் விழ வேண்டும். ஓடி ஆடிய மாதிரியும் இருக்க வேண்டும், மூச்சும் வாங்கக் கூடாது. தொந்தியும் சர்க்கரையுமாக ஒருவர் வந்து, இருபது தடவை பந்தைத் தட்டி வலைக்கு இந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, “இன்னைக்கு டச் நல்லா இருக்குப்பா” என்று துண்டால் முகம் துடைத்துக்கொண்டால், அந்த டச் என்னுடையது.

புது உறுப்பினர் வந்தால் முதல் பத்து நிமிடம் எனக்குப் பரீட்சை. நாலா பக்கமும் மெதுவாகப் பந்தைப் போட்டுப் பார்ப்பேன். எங்கே தடுமாறுகிறார், எந்த முட்டி வலிக்கிறது, குனிய முடிகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வேன். முக்கால்வாசிப் பேருக்கு பேக்ஹேண்டில்தான் கோளாறு. வலக்கைக்காரருக்கு இடது பக்கம் வருகிற பந்து அது. கோளாறு இருக்கிற இடம் தெரிந்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் என் பந்து போகாது. என்னோடு வருடக்கணக்காக ஆடிய சிலருக்குத் தங்களுக்கு பேக்ஹேண்ட் வராது என்பதே தெரியாமல் போயிருக்கிறது. ரிட்டையர் ஆகி ஊருக்குப் போய், அங்கே வேறு யாரோடாவது ஆடியபோது தெரிந்திருக்கும்.

டென்னிஸ் மட்டும் என்றில்லை, கிளப்பே இப்படித்தான். கோல்ஃபில் பை தூக்குகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எளாவூர்க்காரர். நெட்டைப் புல்லுக்குள் பந்து புதைந்துவிட்டால் உறுப்பினர் வந்து சேர்வதற்குள் செருப்பைக் கழற்றி, கால் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளி நல்ல இடத்தில் வைத்துவிடுவார். “சார், லக்கு சார் உங்களுக்கு, மோட்டு மேலயே நிக்குது” என்பார். சாரும் நம்பிக்கொள்வார். பில்லியர்ட்ஸ் அறையிலும் ஒருவர் இப்படி இருந்தார். இங்கே சந்தா கட்டுகிறவர்கள் தொழிற்சாலையில் நாள் முழுக்க யாரிடமோ திட்டு வாங்கி, யாரையோ திட்டுகிறவர்கள். காலையில் ஒரு மணி நேரம் அவர்கள் தோற்காமல் இருக்க வேண்டும். கிளப்பில் இருக்கிற உண்மையான வசதி அதுதான். இணையதளத்தில் அதைப் போடவில்லை.

நான் பத்தொன்பது வயதில் கோர்ட்டுக்குத் தண்ணீர் விடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போடுவேன். ஆலைப் புகையில் கருந்தூசி வந்து கோட்டின் மேல் படிந்துவிடும். தினமும் துடைப்பத்தால் பெருக்க வேண்டும். நான் சேர்ந்த சில மாதத்தில் அப்போது இருந்த மார்க்கர் வேறு கிளப்புக்குப் போனார். ஆள் இல்லாத ஒருநாள், “நீ வாப்பா, சும்மா பந்தத் தூக்கிப் போடு” என்று ஒருவர் மட்டையைக் கையில் கொடுத்தார். பந்தைத் தூக்கிப் போட ஆரம்பித்தவன்தான். ஆட்டம் எனக்கு வந்தது. யாரும் சொல்லித் தராமல், பம்பு ரூமுக்குப் பின்னால் இருந்த சுவரில் அடித்து அடித்து வந்தது. அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன். என்னிடம் பெருமைப்பட வேறொன்றும் கிடையாது.

எட்டு வருடம் இப்படிப் போயிற்று. எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஒரு வருடம். என் மனைவி ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தாள். ஐந்து மாதம் ஆனதும், “குழந்தை பொறந்தப்புறம் வாம்மா, பாக்கலாம்” என்று சொல்லி பஸ் பாஸை வாங்கிக்கொண்டார்கள். நானும் காண்ட்ராக்ட்தான். சிப்காட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. ஒரே மிஷினில் இரண்டு பேர் நிற்பார்கள். கம்பெனி ஆளுக்கு நீலச் சட்டை, காண்ட்ராக்ட் ஆளுக்குச் சாம்பல் சட்டை. நீலச் சட்டைக்கு ஆஸ்பத்திரி, லீவு, போனஸ், பொண்டாட்டி பிரசவச் செலவு எல்லாம் உண்டு. சாம்பல் சட்டைக்கு நாளைக்கு வேலை உண்டா என்பது நாளைக்குத்தான் தெரியும். எனக்கு அந்தச் சாம்பல் சட்டைகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய கம்பெனியின் பிளாண்ட் ஹெட், நாலு வருடமாகத் தினமும் என்னோடு ஆடுகிறவர், ஒருநாள் ஆடி முடித்து இளநீர் குடித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். கம்பெனிகளுக்கு நடுவே போட்டி நடக்கும், அவர்கள் டீமில் ஒருத்தர் குறைகிறார், நன்றாக ஆடுகிற ஆளாகப் பார்த்து நிரந்தர வேலையே கொடுத்து எடுக்கப் போகிறார்கள் என்றார்.

“ரெண்டே பேர்தான் லிஸ்ட்ல. ஒரு காலேஜ் பையன், அப்புறம் நான் உன் பேரச் சொல்லியிருக்கேன். ஒரு செட் ஆடணும். ஜெயிக்கிறவன் கம்பெனி ரோல்ல சேரலாம். இருபத்தேழுக்கு மேல எடுக்க மாட்டாங்க, அதனால இதான் உனக்குச் சான்ஸ். நீதான்டா சரியான ஆளு. உன் கூட ஆடி ஆடி என் கேமே எங்கயோ போயிடுச்சு.”

அவருடைய கேம் எங்கேயும் போகவில்லை. பேக்ஹேண்டில் பந்து வந்தால் குடை பிடிக்கிற மாதிரி மட்டையைத் தூக்குவார். நாலு வருடமாக அந்தப் பக்கம் நான் பந்தே போட்டதில்லை. ஆனாலும் அவர் வாயிலிருந்து அது வந்தபோது கால் தரையில் நிற்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் மேல் எனக்கு இப்போதும் கோபம் கிடையாது. நல்லது நினைத்துத்தான் செய்தார்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“ஜெயிச்சா பர்மனென்ட்டா?”

“பர்மனென்ட்.”

“பெரிய ஆஸ்பத்திரியில பாப்பாங்களா?”

“பாப்பாங்க.”

“அப்ப ஜெயிச்சிகினு வா,” என்றாள். கடைக்குப் போய் தேங்காய் வாங்கி வரச் சொல்கிற மாதிரி சொன்னாள். அவளுக்கு என் ஆட்டத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. வேலை செய்கிறவன் வீட்டு ஆட்களைக் கிளப்புக்குள் விட மாட்டார்கள்.

ஒரு மாதம் இருந்தது. காலை டியூட்டி முடிந்ததும் பம்பு ரூம் சுவருக்குப் போய்விடுவேன். வெயில் மண்டையைப் பிளக்கும். நூறு, இருநூறு என்று எண்ணி அடிப்பேன். எவ்வளவு வேகமாக அடித்தாலும் அதே வேகத்தில் திரும்பி வரும். ஆட்டம் முன்பைவிடப் பலமாக இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. எதிரில் ஆள் வைத்து அடித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஆள் வைப்பதென்றால் யாரை வைப்பது? உறுப்பினரையா? சுவருக்கு பேக்ஹேண்ட் கிடையாது, முட்டி வலி கிடையாது, மனசு நோகாது. அதை நம்பியதுதான் நான் செய்த தப்பு.

எளாவூர் நண்பர் மட்டும் ஒருநாள் பையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

“நல்லாத்தான் அடிக்கிற. ஆனா ஒண்ணு. அங்க போயும் சார் சார்னு நின்னுகினு இருக்காத. அவன் உன்ன மாரி ஒரு ஆளு. ஓட உட்டு சாவ அடி,” என்றார்.

“உனக்கின்னா தெரியும் டென்னிஸு?” என்று சிரித்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம். முந்தின நாள் ஓய்வும் வேண்டுமென்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் சம்பளம் இல்லாத லீவு சொல்லியிருந்தேன். ஞாயிறு விடியுமுன் கும்மிடிப்பூண்டியில் முதல் மின்சார ரயிலைப் பிடித்தேன். கவரைப்பேட்டையில் ஷிப்ட் முடித்த ஆட்கள் ஏறினார்கள். பொன்னேரியில் காய்கறி மூட்டை ஏற்றினார்கள். மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே போனேன். யாராவது என்னவென்று கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

கம்பெனியின் மைதானம் சென்னையில் இருந்தது. காலேஜ் பையன் அப்பாவோடு காரில் வந்து இறங்கினான். பையில் மூன்று மட்டை. எனக்கு இருந்தது உறுப்பினர் ஒருவர் கைப்பிடி கிழிந்ததென்று கொடுத்தது. பையனுக்கு இருபத்திரண்டு இருக்கும். மரியாதை தெரிந்த பிள்ளை, வணக்கம் சொன்னான். பிளாண்ட் ஹெட்டும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு செட். முதலில் ஆறு கேம் எடுப்பவருக்கு வேலை.

முதல் இரண்டு கேமும் நான் எடுத்தேன். திட்டம் போட்டு எடுக்கவில்லை. கை தன் வழக்கப்படி பரீட்சை செய்துகொண்டிருந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வலது, இடது. வலது பக்கம் பையன் புலி. இடது பக்கம் பந்து போனால் தோள் இறுகி, மட்டை தாமதமாக வந்து, பந்து ஒன்று வலையில் போகும் அல்லது வானத்துக்குப் போகும். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் போயிற்று. பையனுக்கு பேக்ஹேண்ட் கிடையாது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இரண்டு கேம் கையில், அவன் கோளாறும் கையில். பெரிய ஆஸ்பத்திரியின் வாசல் கண்ணில் தெரிந்தது.

மூன்றாவது கேமில் இருந்து அந்தப் பக்கம் என் பந்து போகவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கோளாறு தெரிந்த பிறகு அங்கேயே அடித்துக்கொண்டிருந்தால் முப்பது நிமிடத்தில் வீட்டுக்கு வந்திருக்கலாம். எனக்கும் தெரியும். ‘இடது பக்கம், இடது பக்கம்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் ஆடினேன். பந்து வரும், கால் சரியாக நகரும், மட்டை சரியாகப் பின்னால் போகும், கடைசி நொடியில் மணிக்கட்டு மட்டும் ஒரு சின்னத் திருப்பு திருப்பி பந்தை அவன் வலது கைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். இரண்டடி நகர்ந்தால் எட்டுகிற இடத்தில், இடுப்பு உயரத்தில். எட்டு வருடம் தினமும் காலையில் மூன்று மணி நேரம் அந்தக் கைக்கு நான் சொல்லிக் கொடுத்தது அதுதான். ஒரு மாதம் சுவரில் அடித்தால் மறந்துவிடுமா?

ஒரு தடவை கோபத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டு அடித்தேன். பந்து இடது மூலையில் விழுந்தது. பையன் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். என் பாயிண்ட். என்னையறியாமல் கையைத் தூக்கி, “சாரி சார்” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. நிழலில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை முடித்துவிட்டது. அதற்கப்புறம் நான் ஆடவே இல்லை, டியூட்டி பார்த்தேன்.

இரண்டுக்கு ஆறு. தொடர்ந்து ஆறு கேம் அவன் எடுத்தான். கடைசியில் வலைக்குப் பக்கத்தில் வந்து கை கொடுத்தான். “அண்ணா, முதல்ல ரொம்ப பயந்துட்டேன். அப்புறம் உங்க கூட ஆட ரொம்ப ஈஸியா, ஜாலியா இருந்துச்சு. நான் இவ்ளோ நல்லா ஆடினதே இல்ல” என்றான். கிண்டல் இல்லை, மனதாரச் சொன்னான். அவனை அங்கேயே ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. “நல்லா ஆடினீங்க தம்பி” என்றேன். பிளாண்ட் ஹெட் என் தோளைத் தட்டி, “பந்து விழாம லாங் ரேலி எல்லாம் போச்சு, பார்க்க அழகா இருந்துச்சுப்பா” என்றார். அவருக்கு அதற்கு மேல் தெரியாது. தெரிந்திருந்தால் தன் பேக்ஹேண்டைப் பற்றியும் யோசித்திருப்பார்.

பையனை எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவன் அந்தக் கம்பெனியில் நல்ல பதவியில் இருக்கிறான் என்று கேள்வி. தொப்பை போட்டிருப்பதாகவும் சொன்னார்கள். எனக்கு அடுத்த வருடம் வயது தாண்டியது. நடுவில் கிளப்பில் காண்ட்ராக்டர் மூன்று பேர் மாறினார்கள், நான் மாறவில்லை. குழந்தை பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தது. நன்றாகத்தான் பார்த்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் கூட்டத்தில், பாய் விரித்த வராந்தாவில், அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலிலேயே நின்றாள். கூட்டிப் பெருக்கி, தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். கறிக்குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியதே இருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

“இன்னாயா, அவன் அவ்ளோ பெரிய ஆளா?”

“இல்ல. லெஃப்ட் சைடு பந்து போட்டா அவனுக்கு எடுக்கவே வராது.”

“அது உனுக்கு எப்போ தெரிஞ்சுது?”

“ஆரம்பத்துலயே தெரிஞ்சிருச்சு.”

“அப்போ அங்கயே போட வேண்டியதுதான?”

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையை அவள் முன்னால் நீட்டிக் காட்டினேன். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். மூன்றாவது கேமிலிருந்து பந்து எப்படி அவன் கைக்கே போனது, எனக்கே தெரியாமல் எப்படி சாரி சார் என்றேன், அவன் கடைசியில் என்ன சொன்னான், எல்லாவற்றையும். அழுவாள், இல்லை கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுவரோரம் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“சம்பளம் போனாலும் போவுதுனு லீவு போட்டுகினு போயி,” என்றாள், “அவனுக்கும் வேல செஞ்சி குட்துட்டு வந்துகிற.”

அப்புறம் எழுந்து சோறு போட்டாள். சாப்பிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு பிளாண்ட் ஹெட் கோர்ட்டில் காத்திருந்தார்.